காடென்று எழுதப்பட்ட நிலம்: இலங்கையில் வனச் சட்டமும் காலநிலைக் கரிசனையும் மக்களுரிமையும் (1840 – 2020)

இலங்கைக் காடுகளின் வரலாறு பெரும்பாலும் பரப்பளவின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1881 ஆம் ஆண்டளவில் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 84 சதவீதம் காடாக இருந்ததென்றும், அது 1900 இல் 70 சதவீதமாகவும், 1956 இல் 44 சதவீதமாகவும், 1983 இல் 27 சதவீதமாகவும் குறைந்ததென்றும் மதிப்பீடுகள் கூறுகின்றன. இவ்வீழ்ச்சியின் பாரதூரத்தை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் எவ்வளவு காடு அழிந்தது என்னும் வினாவோடு வேறு சில வினாக்களையும் சேர்த்து எழுப்பினாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது. ஒரு நிலத்தைக் காடென்று தீர்மானித்தவர் யாவர்? அத்தீர்மானத்தின் பயனைப் பெற்றவர் யாவர்? அதன் சுமையைத் தாங்கியவர் யாவர்?

புவி வெப்பமடைதலும் அதன் விளைவான வெள்ளமும் வரட்சியும் மண்சரிவும் மக்களின் அன்றாட வாழ்வைத் தாக்கும் இக்காலத்திலே, காடுகளைக் காத்தல் அரசியலின் தலையாய பணிகளுள் ஒன்றாகியுள்ளது. அப்பணியை நாம் முழுமனத்துடன் ஏற்கின்றோம். ஆயினும் இந்நாட்டிலே வனப் பாதுகாப்பின் பெயரால் இதுவரை நிகழ்ந்தவற்றை ஆராயாது அதனை முன்னெடுப்பின், பழைய அநீதிகள் புதிய பெயரோடு திரும்பும் அபாயம் உண்டு. இதனை வரலாற்று நிலைநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடிக்குரிய நிலம்

கண்டி இராச்சியத்தில் காடு பல்வகைப் பயன்பாட்டுக்கு உரியதாயிருந்தது. அணிநிழற் காட்டை அரணின் உறுப்புகளுள் ஒன்றாக வள்ளுவர் வைத்தெண்ணியதற்கு ஏற்ப, மலைநாட்டின் அடர்காடுகள் அவ்விராச்சியத்தின் பாதுகாப்பு அரணாக விளங்கின. கண்டி அரண்மனைக்குப் பின்னால் அமைந்த உடவத்தைக் காடு போன்றவை அரசனால் தடைசெய்யப்பட்டவையாக இருந்தன. இவற்றுக்கு அப்பால், கிராமத்தை அடுத்திருந்த காட்டிலே சேனை செய்தல், மாடு மேய்த்தல், விறகும் மரமும் எடுத்தல், கித்துள் சீவுதல் ஆகியவை வழக்காற்றின்படி நடைபெற்றன. சேனைக்காக வெட்டிய நிலத்தை ஓரிரு போகத்தின் பின் பல ஆண்டுகள் தரிசாக விட்டு, அது மீண்டும் காடாக வளர்ந்த பின்னரே குடியானவன் அதனை மறுபடி நாடுவான். ஆகவே அந்நிலம் ஒரு பருவத்தில் வயலாகவும் மற்றொரு பருவத்தில் காடாகவும் தோன்றிற்று. இவ்விரட்டைத் தன்மையே பின்னர் அக்குடியானவனுக்கு வினையாக வந்தது.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1830களில் கோப்பிப் பயிர்ச்செய்கை இலாபம் தரும் முதலீடாக உருவெடுத்தது. 1835 இல் மேற்கிந்தியக் கோப்பிக்கு இங்கிலாந்தில் வழங்கப்பட்டிருந்த தீர்வைச் சலுகை நீக்கப்பட்டமை இலங்கைக் கோப்பிக்குப் பெருவாய்ப்பாயிற்று. முதலீட்டாளருக்கு வேண்டியிருந்தது நிலம். அந்நிலத்துக்கு ஐயத்துக்கு இடமற்ற உறுதியும் வேண்டியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இத்தேவையை நிறைவேற்றிற்று. காடுகள், தரிசு நிலங்கள், குடியில்லாத அல்லது பயிரிடப்படாத நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவையென அனுமானிக்கப்படும் என்று அச்சட்டம் விதித்தது. பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்களும் இவ்வகுப்பிலே சேர்க்கப்பட்டன. கண்டி மாகாணங்களிலே சேனை நிலத்துக்கு உரிமை கோரியவர் அரச சாசனத்தையோ வழமையான வரி செலுத்தியமைக்கான சான்றையோ காட்ட வேண்டியவராயினர்.

இச்சட்டத்தின் உள்ளியல்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இங்கே ‘காடு’ என்னும் சொல் மரஞ்செடிகொடிகளின் தொகுதியைக் குறிக்கவில்லை. உறுதி எழுதப்படாத நிலத்தைக் குறித்தது. நிரூபிக்கும் பொறுப்பும் இடம் மாறிற்று. முன்னர் உழுதவன் உழுதமையே சான்றாக இருந்தது. இப்போது எழுத்தறியாக் குடியானவன் எழுத்தாவணத்தோடு நீதிமன்றம் ஏற வேண்டியவனானான். தலைமுறை தலைமுறையாக நிலத்தைத் தரிசு விட்டுப் பேணிய முறையே அவனது உரிமையை அழிக்கும் சான்றாக மாறிற்று.

முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் முடியிடம் தங்கவில்லை. ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் அது விற்கப்பட்டது. 1844 இலேயே இவ்விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. 1841 என்னும் ஓராண்டில் மட்டும் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் விற்பனையாயிற்று. வாங்கியோருள் தேசாதிபதி மக்கென்சி உள்ளிட்ட உயர் அலுவலரும் இருந்தனர் என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. 1848 இல் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிருந்தவை தேசாதிபதி டொறிங்டன் விதித்த புதிய வரிகளே. ஆயினும் நிலமிழப்பினால் உண்டான மனக்கசப்பும் அதன் பின்னணியில் இருந்ததென்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்தாகும்.

மலைச்சாரலில் வீழ்ந்த காடு

கோப்பித் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்ட முறையை அக்காலத் தோட்டத்துரைமார் எழுதிய நூல்களினால் அறிகின்றோம். சாரலின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சென்று ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டி நிறுத்துவர். உச்சியை அடைந்ததும் மேல் வரிசை மரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழ் வரிசைமீது விழ, அவ்வரிசை அதற்குக் கீழுள்ளதன்மீது விழ, சாரல் முழுவதும் பேரிரைச்சலோடு ஒருங்கே சரியும். சில வாரங்கள் காய்ந்தபின் தீ மூட்டப்படும். ஆயிரமாண்டுக் காடு ஒரு பருவத்துக்குள் சாம்பலாகும். இவ்வெட்டு வேலையை ஒப்பந்த அடிப்படையிற் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் செய்தனர். தோட்டத்தின் அன்றாட வேலைக்கு மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். வழியிலே பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். ஒருசாரார் தம் கிராமக் காட்டை இழந்தனர். மறுசாரார் தமக்கென ஒரு சாண் நிலமுமின்றி அக்காடு நின்ற இடத்திலே குடியிருத்தப்பட்டனர். இருசாராரையும் எதிரெதிராக நிறுத்திய பிற்கால அரசியல், இருவரும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளிலே நின்றனர் என்பதை மறக்கச் செய்தது.

1869 இல் கோப்பி இலைகளிலே துருநோய் காணப்பட்டது. ஒரே பயிர் மலைமலையாக நெருங்கி நின்றமையால் நோய் தடையின்றிப் பரவிற்று. 1870களில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் வரை பரந்திருந்த கோப்பி அதன்பின் அழிந்தொழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர், நூற்றாண்டு முடிவிலே நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கிற்று.

ஐயாயிரம் அடிக் கோடு

காடழிவு காலநிலையைப் பாதிக்கும் என்னும் கருத்து அண்மைக்காலத்தது என்று எண்ணுவோர் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலறிஞர் பலர் மரங்களை அழித்தால் மழை குறையும், ஊற்றுகள் வற்றும், மண் அரிப்புறும் என்று வாதித்தனர். 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் டால்டன் ஹூக்கர், குடியேற்ற நாடுகளுக்கான அரசுச் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில், இலங்கையின் 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காலநிலை கருதிக் காத்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அதன் பயனாக அவ்வுயரத்துக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகள் விற்பனைக்கு விலக்காயின. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் கிளைகள் ஊற்றெடுக்கும் ஓட்டன் சமவெளி இன்றும் எஞ்சியிருப்பதற்கு அம்முடிவு ஒரு முக்கிய காரணமாகும். காலநிலை கருதி இந்நாட்டில் எடுக்கப்பட்ட முதல் அரசியல் நடவடிக்கைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

அதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஐயாயிரம் அடி என்னும் கோடு எங்கே விழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். கோப்பி நன்கு விளைந்தது அக்கோட்டுக்குக் கீழேயாகும். கோட்டுக்கு மேலே குளிர் மிகுதலால் தோட்டக்காரருக்குக் கோப்பி நிலத்தில் நாட்டம் குறைவு. எனவே முதலீட்டின் நலன் பெரிதும் பாதிக்கப்படாத இடத்திலேயே அறிவியலின் குரல் செவிமடுக்கப்பட்டது. கோட்டின் கீழே விற்பனை தொடர்ந்தது. பின்னர் உயரத்திலும் செழிக்கும் தேயிலை வந்தபோது அக்கோடு உண்மையான தடையாக நின்றது என்பதும் உண்மையே. முடிவெடுத்தவர் எண்ணிய அளவுக்கு மேலாக அது பயன் தந்தது எனலாம்.

இக்காலத்தில் சுமை எங்கே இறக்கப்பட்டது என்பதையும் நோக்குவாம். 1882 இல் இந்திய வனச் சேவையைச் சேர்ந்த வின்சென்ற் இலங்கையின் வன நிருவாகம் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1885 இல் வனக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. குடியேற்ற ஆட்சியின் அறிக்கைகளிலே காடழிவுக்குப் பொறுப்பாளியாகத் திரும்பத் திரும்பச் சுட்டப்பட்டவன் சேனைக் குடியானவன். சேனை செய்ய அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகிற்று. சனத்தொகை பெருகிச் சேனைக்குரிய நிலம் சுருங்கியபோது, தரிசுக் காலம் குறைந்து மண் கெட்டது என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் அவனது நிலம் சுருங்கியதற்குக் காரணம் எதுவென அவ்வறிக்கைகள் அரிதாகவே வினவின. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச்சட்டம், அறிவித்தல் விடுத்தபின் குறித்த காலத்துள் உரிமை கோரப்படாத நிலத்தை முடிக்குரியதாக்கும் வழியை மேலும் எளிதாக்கிற்று. 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டம் ‘ஒதுக்குக்காடு’ என்பதோடு ‘கிராமக் காடு’ என்னும் வகையையும் ஏற்றதாயினும், முன்னதற்குக் கிட்டிய வலு பின்னதற்குக் கிட்டவில்லை.

சுதந்திரத்தின் பின் அரசு கைமாறியது; முடிக்குரிய நிலம் அரச காணியெனப் பெயர் மாறியது. கல்லோயா முதல் மகாவலி வரையான குடியேற்ற, நீர்ப்பாசனத் திட்டங்களுக்காக உலர்வலயக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. அவற்றின் அரசியல் விளைவுகள் தனி ஆய்வுக்குரியவை. எந்நிலம் காடு, எந்நிலம் குடியேற்றம் என்பதைத் தலைநகரிலிருந்து எழுதும் அதிகாரம் 1840 இல் உருவான வடிவிலேயே தொடர்ந்தது என்பதே இங்கு எமக்கு வேண்டிய செய்தி.

சிங்கராஜ வனம்

அவ்வதிகாரம் பொதுமக்கள் கருத்தினால் தடுத்து நிறுத்தப்பட்ட முதற் பெருநிகழ்ச்சி சிங்கராஜ வனம் பற்றியதாகும். 1875 இலேயே ஒதுக்கப்பட்ட இவ்வனம் ஈரவலயத்திலே எஞ்சிய மழைக்காடுகளுட் சிறந்தது. இங்குள்ள மரவகைகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. 1970களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு ஒரு பரிகாரமாக, இவ்வனத்தின் மேற்குப் பகுதியிலே இயந்திரங்கள் கொண்டு மரம் வெட்டும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மரங்கள் கொஸ்கமையில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு உரியவை. ஒட்டுப்பலகையின் முக்கிய பயன்களுள் ஒன்று தேயிலை ஏற்றுமதிப் பெட்டியாகும். முன்னர் காட்டின் இடத்தைக் கவர்ந்த தேயிலை, இப்போது தன் பெட்டிக்காக எஞ்சிய காட்டையும் கேட்டது எனலாம்.

இத்திட்டத்தை எதிர்த்து எழுந்த குரல்களுள் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் குரல் முதன்மையானது. 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் பொருட்டுத் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியரும் அமைத்த சங்கமே அது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அதன் அக்காலத் தலைவரான திலோ ஹொவ்மன் இவ்விடயத்திலே அயராது உழைத்தார். பல்கலைக்கழகத் தாவரவியலறிஞர்களும் பத்திரிகைகளும் துணைநின்றனர். 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1978 இல் சிங்கராஜ வனம் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது. 1990 இல் நாட்டின் இயற்கைக் காடுகள் அனைத்திலும் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது.

இவ்வெற்றி மகத்தானது. ஆயினும் அவ்வியக்கம் நகர்ப்புறக் கற்றோரின் இயக்கமாகவே பெரிதும் இருந்தது. வனத்தைச் சூழ்ந்த கிராமங்களிலே கித்துள் சீவியும் பிரம்பு அறுத்தும் ஏலம் பறித்தும் வாழ்ந்தோர், புல்டோசரால் இழந்ததைப் போன்றே பாதுகாப்பு எல்லையினாலும் சிலவற்றை இழந்தனர். அவர்தம் வாழ்வையும் வனப் பாதுகாப்பையும் இணைக்க வேண்டுமென்னும் சிந்தனை பின்னரே வளர்ந்தது.

இவ்விரண்டும் இணைந்த நிகழ்ச்சி ஒன்றை 2000 ஆம் ஆண்டிலே காண்கின்றோம். அது காடு பற்றியதன்று. எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவத்தை வெளிநாட்டு நிறுவனமொன்றின் பங்கேற்புடன் விரைந்து அகழும் ஒப்பந்தம் பற்றியது. வழக்காடியோர் தம் வயலையும் வீட்டையும் இழக்க இருந்த அப்பிரதேச விவசாயிகள். உரிய சுற்றாடல் மதிப்பீடின்றி அத்திட்டம் முன்செல்லலாகாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை வளத்தை அரசு மக்களின் பொருட்டும் வருங்காலத் தலைமுறையின் பொருட்டும் பேணும் கடப்பாடுடையது என்னும் கருத்து அத்தீர்ப்பிலே வலியுறுத்தப்பட்டது. 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலம் முடியின் உடைமை. 2000 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அரசு அதன் காவலன். இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரமே எமது கட்டுரையின் சாரம்.

மீண்டும் தரிசு நிலம்

அத்தூரம் நடைமுறையில் முற்றாகக் கடக்கப்பட்டுவிட்டதா? 2009 இல் போர் முடிவுற்றபின் வன்னிக்குத் திரும்பிய மக்கள் பலர், ஆண்டுக்கணக்காக ஆட்புழக்கமின்றிப் பற்றையும் மரமும் மூடிய தம் வயல்களும் மேட்டுக்காணிகளும் வனபரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள்ளே அகப்பட்டிருக்கக் கண்டனர். 1990 இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முசலி முஸ்லிம்கள் மீண்டபோதும், 2012 இன் வர்த்தமானி அறிவித்தல் அவர்தம் பழைய குடியிருப்புகளைச் சூழ்ந்த நிலத்தை ஒதுக்குக்காடாக்கியிருந்தது. மீள்குடியேற்றத்தின் பெயரால் உண்மையான காடும் வெட்டப்பட்டதென்னும் குற்றச்சாட்டு எழுந்ததையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும் விரும்பியன்றி வற்புறுத்தலால் தரிசாய்க் கிடந்த நிலம் அத்தரிசு காரணமாகவே உரிமை இழத்தல், 1840 ஆம் ஆண்டின் தருக்கத்தை அப்படியே நினைவூட்டுகின்றது.

மலையகத்தின் நிலை வேறு வகையானது. அங்கே மக்கள் இழப்பதற்கு உரிமையே இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலை சரிந்து மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் விலகிச் சென்று வாழ்வதற்கு அவர்களுக்குச் சொந்தக் காணி ஏது? ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் காடு உரிக்கப்பட்ட சாரலின் கடனை, அக்காட்டை விற்றவரோ வாங்கியவரோ செலுத்தவில்லை. அங்கே குடியிருத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களே செலுத்தினர்.

2020 நவம்பரிலே, 2001 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் நீக்கப்பட்டு, ஒதுக்கப்படாத எஞ்சிய அரச காடுகளின் நிருவாகம் வனபரிபாலனத் திணைக்களத்திடமிருந்து மாவட்ட, பிரதேச செயலகங்களுக்கு மாற்றப்பட்டது. சேனை விவசாயிகள் படும் இடர் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பெருமுதலீட்டாளருக்கே இது வழிதிறக்கும் எனச் சுற்றாடல் இயக்கங்கள் எதிர்த்தன. 1880களிலே காட்டைக் காப்பதற்காகக் குற்றவாளியாக்கப்பட்ட சேனைக் குடியானவன், 2020 இல் காட்டைத் திறந்துவிடுவதற்காக முன்னிறுத்தப்பட்டான். இரு சந்தர்ப்பங்களிலும் அவன் பெயர் பயன்பட்டது. அவன் உரிமை எந்த ஏட்டிலும் உறுதியாக எழுதப்படவில்லை.

முடிவுரை

பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் இலங்கை 2021 இல் அளித்த உறுதிமொழிகளுள் ஒன்று, 2030 அளவில் வனப்பரப்பை 32 சதவீதமாக உயர்த்துவதாகும். 2010 ஆம் ஆண்டின் மதிப்பீடு, ஐதான காடுகளையும் உள்ளடக்கி, 29.7 சதவீதம் எனக் கூறிற்று. எஞ்சிய இரண்டு சதவீதத்தைச் சற்று மேற்பட்ட நிலம் எங்கிருந்து வரப்போகின்றது? தோட்டக் கம்பனிகளிடம் பயனின்றிக் கிடக்கும் நிலத்திலிருந்தா, ஆற்றங்கரைகளிலிருந்தும் செங்குத்துச் சாரல்களிலிருந்துமா, அன்றி மீண்டும் எதிர்த்துக் கேட்க வலுவற்றவரின் தரிசிலிருந்தா? ஒரு வரைபடத்திலே பச்சை நிறம் தீட்டுவதற்கு மூன்றாவது வழியே மிக எளிது. வரலாறு எம்மை எச்சரிப்பதும் அதுவே.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் பெறுகின்றோம். முதலாவது, ஒரு நிலத்தைக் காடென்று வர்த்தமானியில் அறிவிக்குமுன் அங்கே வாழ்ந்தோர், பயிரிட்டோர், இடம்பெயர்ந்தோர் ஆகியோரின் உரிமைகள் விசாரித்து எழுதப்படல் வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதையும் வலுவற்றவர்மீது சுமத்தலாகாது. இரண்டாவது, 1907 ஆம் ஆண்டுச் சட்டத்திலே பெயரளவில் நின்ற கிராமக் காடு என்னும் கருத்து உயிர்பெறல் வேண்டும். காட்டினாற் பயன்பெறும் கிராமமே அதன் மிகச்சிறந்த காவலாகும். மூன்றாவது, மலையகத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்திலே காணியுரிமை வழங்குதல் சமூகநலச் சலுகையன்று. மலைச்சாரலைக் காக்கும் காலநிலை நடவடிக்கையின் முதற்படியாகும்.

ஹூக்கரின் கடிதம் எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. மலையுச்சிக் காட்டுக்கும் கீழே பாயும் ஆற்றுக்கும் உள்ள தொடர்பை அவர் தலைமுறை கண்டறிந்தது. அக்காட்டுக்கும் அதன் அடிவாரத்தில் வாழும் மனிதருக்கும் உள்ள தொடர்பைச் சட்டத்திலே எழுதும் பணி எம் தலைமுறைக்கு எஞ்சியுள்ளது. அப்பணி நிறைவேறாதவரை, காக்கப்படும் காடும் நெடுநாள் நிலைத்திராது என்பதே எமது துணிபு.